எந்தப் பச்சையம்மா?

காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் காயப்போட்ட நெல்லை என் மாமியார் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோ வந்து நெல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

இறங்கியவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறு கையில் துண்டில் சுற்றிய பச்சைக் குழந்தை.

"பச்சையம்மா வூடு இதானே?"

"இதான். நான்தான் பச்சையம்மா. இன்னா வோணும்? நெல்ல மிதிக்காம வா."

அவள் மாமியாரை மேலும் கீழும் பார்த்தாள். ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"நீ இல்லம்மா. நீயும் இல்ல."

உள்ளே ஜன்னலுக்குக் கீழே, பிறந்து நான்கு நாளான என் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே கேட்ட குரல் எங்கோ கேட்ட குரல் போலிருந்தது. ஆனால் அவள் தேடுவது என்னைத்தான் என்று தோன்றவே இல்லை. அந்த வீட்டில் அது என் பெயர் இல்லை.

என் கல்யாணப் பத்திரிகையைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். மணமகள் பெயர் 'பச்சையம்மாள், எம்.எஸ்சி., பி.எட்.' என்று இருந்ததே, பிறகு ஏன் எல்லோரும் உங்களைச் செல்வி என்கிறார்கள் என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் சொல்வதற்கு அந்த ஆட்டோவை வாசலிலேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வைத்த பெயர்

எங்கள் பக்கத்தில் பச்சையம்மன் பலருக்குக் குலதெய்வம். வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது அந்தப் பெயர் வைத்துவிடுவார்கள். என் பிறந்த ஊரான ராஜகுளத்தில் என் வகுப்பில் மட்டும் இரண்டு பேர் இருந்தோம். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே என் மாமியாருக்கே அந்தப் பெயர்.

கல்யாணமான மூன்றாம் நாள், அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்.

"ம்மே, எம் புள்ள உன்ன பேர் சொல்லிக் கூப்ட்டா என்னக் கூப்ட்ட மாரி இருக்கும். உங்க மாமா உன்ன ஒரு வேல ஏவினா ஊரு சிரிக்கும். நான் உன்னத் திட்டினா என்னயே திட்டிக்கிற மாரி ஆயிப்பூடும். அத்தொட்டு, இன்னிலேந்து நீ செல்வி."

"திட்டாம இருந்துட்டுப் போயேன்" என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

"அதெப்படி முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. மாமியார் பெயரோடு வரும் மருமகளுக்கு வேறு பெயர் வைப்பார்கள், அவ்வளவுதான். நானும் பெரிதாக நினைக்கவில்லை. பெரிதாக நினைக்காமல் இருப்பது சரிதானா என்று மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். என் குணம் அப்படி.

இரண்டு வருஷத்தில் செல்வி என்றால் திரும்பவும், பச்சையம்மா என்றால் மாமியாரைக் கூப்பிடவும் பழகிவிட்டேன். ஊரில் பாதிப் பேருக்கு என் உண்மைப் பெயர் தெரியாது.

பேர் பெற்ற பச்சையம்மாள்கள்

ராஜாக்கள் ஒரே பெயரில் வந்தால் சரித்திரப் புத்தகத்தில் முதலாம், இரண்டாம் என்று எண் போட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் எண் கிடையாது. ஒவ்வொரு பச்சையம்மாளுக்கும் அவள் செய்த காரியமே அடைமொழி.

எல்லோருக்கும் மூத்தவள் மதகு பச்சையம்மாள். ஏரி மதகின் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. எழுத்து பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. பெயரில் 'பச்சை' மட்டும் விரலால் தடவினால் தெரியும். பல தலைமுறைக்கு முன்னால் ஒரு புயல் மழையில் கரை கசிந்தபோது, வீட்டிலிருந்த நெல் மூட்டையைக் கொண்டுவந்து உடைப்பில் போட்டவளாம் அவள். மண் மூட்டை கட்ட நேரமில்லை என்று விதை நெல்லையே போட்டாளாம். உண்மையா என்று கேட்டால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள்.

அடுத்தவர் பத்தாவது பச்சையம்மாள். பத்தாவது குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் பத்தாம் வகுப்பு தேறிய முதல் பெண். நான் அவரைப் பார்த்ததில்லை. கடிதம் படிக்க, மனு எழுத எல்லோரும் அவர் வீட்டுக்குத்தான் போவார்களாம்.

இன்று இருப்பவர்களில் பால் சொசைட்டி பச்சையம்மாள், மெம்பர் பச்சையம்மாள், கண்ணாஸ்பத்திரி பச்சையம்மாள் என்று மூவர். கடைசியாகச் சொன்னவர் ஊரில் முதன்முதலாகக் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, பயந்துகிடந்த பதினைந்து பேரைத் தைரியம் சொல்லி அழைத்துப்போனவர். என் மாமியார் வெறும் பச்சையம்மாள். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த ஒரு வருஷத்தில் பிள்ளைகளை உத்திரமேரூர் கோயில் மண்டபத்துக்கு அழைத்துப்போயிருக்கிறேன். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த விதிகளைச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா?"

"அதுக்கும் ஏதாவது வழி வெச்சிருப்பாங்க" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் விட்டது அன்றும் உறுத்தியது. பிறகு ஆஸ்பத்திரியில் அது வேறு விதமாக உறுத்தியது.

நீட்டிய கை

பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. அரிசி மில்லில் வேலை. அவருக்கு மூன்றாவது குழந்தை, எனக்கு முதல். இருவருக்கும் பெண், ஒரே நாளில்.

"உம் பேரு இன்னா?" என்று கேட்டார்.

நான் செல்வி என்று சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"பச்சையம்மாள்."

"அட, நானும் பச்சையம்மாதான்! அப்ப நீ எம் பேர்க்காரி." அவர் சிரித்த சிரிப்பில் தையல் வலித்து, "ஐயோ, சிரிக்க வெக்காத" என்று என்னையே திட்டினார்.

இரண்டு நாள் பேசிக்கொண்டே இருந்தோம். ஊர்ப் பெயர் சொன்னேன். ஏரி, கல், மதகு எல்லாம் சொன்னேன். கணவரைப் பற்றிப் பேசும்போது 'அவரு' என்றுதான் சொன்னேன். படித்திருந்தும் கணவர் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது.

மூன்றாம் நாள் காலை இரண்டு குழந்தைகளுக்கும் குதிகாலில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க. மதியம் நர்ஸ் ஒருவர் காகிதங்களோடு வந்து வாசலில் நின்று கூப்பிட்டார்.

"பச்சையம்மா!"

அக்கா அப்போது குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன்.

இதைத்தான் பல முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. ஒரு அறையில் உரக்க அந்தப் பெயர் கேட்டதும், வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கை தூக்குவது போலக் கை தானாக நீண்டுவிட்டது. ஒரு காகிதம் என் கையில் வந்தது. அடுத்தது அக்காவிடம் போனது.

காகிதத்தில் 'பச்சையம்மாள் குழந்தை' என்று இருந்தது. கணவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பார்த்தேன். பார்க்காமல் இல்லை. கேட்கலாமா என்று வாயெடுத்தேன். நர்ஸுக்கு வேலை அதிகம், படித்த திமிர் என்று நினைப்பாரோ என்று மூடிக்கொண்டேன்.

என் காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அக்காவின் காகிதத்தில் மஞ்சள் மிக அதிகம். அவர் குழந்தையை நீல விளக்குப் பெட்டியில் வைக்க எடுத்துப்போனார்கள். அவர் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டு, என் குழந்தையோடு காரில் ஏறினேன்.

நல்ல குழந்தை

வீட்டுக்கு வந்த குழந்தை அழவே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "எவ்ளோ சமத்து பாரு, சத்தமே இல்ல" என்றார்கள்.

மாமியாருக்கு மட்டும் திருப்தி இல்லை. "ம்மே செல்வி, கொயந்த கண்ணு கொஞ்சம் மஞ்சளா கீது. காலைல வெய்யில்ல காட்டு."

"இல்ல அத்த, டெஸ்ட் பண்ணிட்டாங்க. நார்மல்னு எழுதியிருக்கு."

காகிதத்தை எடுத்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை குழந்தை பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. தொட்டால் முழித்தது, உடனே தூங்கிவிட்டது. காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எண் மாறவில்லை. என் பயம்தான் வழக்கம்போல அதிகம் என்று மடித்து வைத்தேன்.

அப்போதுதான் வாசலில் அந்த ஆட்டோ.

ஐந்தாவது வீடு

அந்த அக்கா எங்கள் வாசலுக்கு வந்த கதையைப் பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று காலை அவர் குழந்தைக்கு மறுபடி ரத்தம் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் இல்லவே இல்லை. விளக்கு வேலை செய்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். அவர் நம்பவில்லை. "ரெண்டு புள்ள பெத்து வளத்தவ நான். எம் புள்ள நேத்தும் மஞ்சளா இல்ல, இன்னிக்கும் இல்ல. இந்தப் பேப்பரு எம் பேர்க்காரியோடது. அவ புள்ள கெடக்க வேண்டிய பொட்டில எம் புள்ளயப் போட்டு வெச்சிருக்கீங்க. அது எங்கியோ வூட்ல கெடக்குது!"

நர்ஸ் பதறிப்போய் என் கணவருக்குப் போன் செய்தார். அவர் வேலை செய்யும் கம்பெனியில் போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாக் காகிதங்களிலும் அவர் எண்தான். என் எண்ணைக் கொடுக்கவில்லை. ரிஜிஸ்டரில் மற்ற விவரம் எல்லாம் இருந்தது. நர்ஸ் அதைப் புரட்டுவதற்குள் அக்கா தன் கொழுந்தனின் ஆட்டோவில் ஏறிவிட்டார், பெற்று நான்கு நாளான உடம்போடு.

ஊர் வந்ததும் டீக்கடையில் கேட்டிருக்கிறார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்கு நோய் என்று தெருவில் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் காப்பாற்றுகிற ஒன்று. "பச்சையம்மாவப் பாக்கணும். ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டு" என்று மட்டும் சொன்னாராம்.

"ஆஸ்பத்திரியா? கண்ணாஸ்பத்திரி பச்சையம்மாதான். மேட்டுத் தெரு, மூணாவது வூடு."

அங்கே எழுபது வயது அம்மாள் ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, "எந்தக் கண்ணு உனுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அங்கிருந்து பால் சொசைட்டி. அங்கிருந்து மெம்பர் வீடு. மெம்பர் உத்திரமேரூருக்கு மீட்டிங் போயிருந்தார். அவர் மகள், "பத்தாவது பச்சையம்மாவக் கேக்கறீங்களா? அவங்க செத்து ரொம்ப வருஷமாச்சே" என்றாளாம். நான்காவதாக யாரோ கைகாட்டிய வீட்டில் பூட்டுத் தொங்கியது; அந்தப் பச்சையம்மாள் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஐந்தாவது எங்கள் வீடு.

முதல் தடவை

"நீயும் இல்ல" என்று சொன்னவரை மாமியார் விடவில்லை.

"நான் இல்லன்னா வேற எந்தப் பச்சையம்மா வோணும் உனுக்கு? அங்க அடயாளம் சொல்லு."

"சின்ன வயசும்மா. கண்ணாடி போட்டுகினு, மெதுவாப் பேசும். டீச்சர் மாரி. ஏரில கல்லு கீதுன்னு சொல்லிச்சு..."

கழுத்தை நீட்டிப் பார்த்தேன். மாமியார் கால் நெல்லில் நின்றுபோனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பிறகு அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"பச்சையம்மா! ம்மே பச்சையம்மா! கொயந்தய எடுத்துகினு வெளிய வா!"

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அக்கா போர்த்தியிருந்த துணியை விலக்கிக் குழந்தையின் மூக்கு நுனியை விரலால் ஒரு முறை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது.

"பேப்பரு மாறிப்போச்சு, பேர்க்காரி. உன்னுது என்கிட்ட வந்துட்ச்சு. ஏறு, ஜல்தி ஏறு."

மாமியார் நெல்லின் மேலேயே நடந்து வந்து ஆட்டோவில் ஏறினார். செருப்பு போடவில்லை. அக்காவின் குழந்தையை அவர் வாங்கிக்கொண்டார். பள்ளத்தில் ஆட்டோ தூக்கிப்போடும்போதெல்லாம் அக்கா பல்லைக் கடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் என் மகளின் பாதத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். அழு, அழு என்று.

டாக்டர் பார்த்தார். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

குழந்தையை உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"பச்சையம்மா. எம் மருமவ. புருஷன் பேர எழுது, மாமனார் பேர எழுது, ஊர எழுது. கண்ணாடி போட்டிருக்கும்னும் எழுது."

"அதெல்லாம் எழுத எடமில்லம்மா."

"எடம் பண்ணு. நான் பாத்துட்டுத்தான் போவேன்."

நர்ஸ் ஓரத்தில் எழுதினார். மாமியார் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, என்னிடம் திருப்பி, "செரியா கீதா?" என்றார். சரியாக இருந்தது.

நீல வெளிச்சம்

மூன்று நாள் என் மகள் அந்த நீல வெளிச்சத்தில் கிடந்தாள், கண்ணை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு. இரண்டாம் நாள் மதியம் பசித்து வீறிட்டு அழுதாள். அந்த வார்டில் குழந்தை அழுததற்குக் கை கூப்பியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா முதல் நாள் மாலைவரை கிளம்பவில்லை. "உங்க குழந்தைய ஒரு நாள் முழுக்க வீணாப் பொட்டில வெச்சிட்டாங்க, என்னால" என்றேன். கையை நீட்டியதைச் சொன்னேன். காலி இடத்தைப் பார்த்தும் கேட்காததைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவரிடம்தான் சொன்னேன்.

"நானுந்தான் ரெண்டாவது பேப்பர வாங்கினேன். ஒரே பேர்ல ரெண்டு பேரு கீறோமேன்னு எனுக்குத் தோணிச்சா? வுடு. எம் புள்ளைக்கு ஒரு நாள் வெளிச்சம் பட்டுது. அதான் உன் புள்ளயக் காட்டிக் குடுத்துச்சு. பேஜார் பண்ணாத, நாஷ்டா துன்னு."

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தார். அந்த இட்லியை நான் மறக்க மாட்டேன். சட்னி ஊசிப்போயிருந்தது. இருவரும் முழுவதையும் தின்றோம்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று பல நாள் தேடி யாழினி என்று வைத்தேன். அங்கன்வாடியில் சேர்த்த அன்று டீச்சர் சொன்னார்: "நாலாவது யாழினிம்மா இது." இப்போது அவள் கொய்யாமர வூட்டு யாழினி.

மறுபடி அந்த வாசல்

அந்தப் பிரசவம் முடிந்த ஆறாவது வாரம் ஊசி போட இரண்டு குழந்தைகளையும் அதே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் நானும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் போனோம். மாமியார் நானும் வருவேன் என்று முன்னால் போய் பஸ்ஸில் இடம் பிடித்தார். நீள பெஞ்சில் மூன்று பச்சையம்மாள்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், நடுவில் மாமியார்.

வாசலில் ஒரு நர்ஸ் வந்து நின்றார். புதியவர்.

"பச்சையம்மா!"

என் கை மடியிலேயே இருந்தது. அக்காவின் கையும் அசையவில்லை. வேறு இரண்டு பெஞ்சுகளிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள்.

மாமியார் உட்கார்ந்தபடியே கேட்டார். "எந்தப் பச்சையம்மா?"

நர்ஸ் காகிதத்தைப் பார்த்துக் கணவர் பெயரைப் படித்தார், ஊரைப் படித்தார். அக்காவினுடையது. "போ, உன்னத்தான்" என்று மாமியார் அவர் முதுகில் தட்டி அனுப்பினார். எழுந்து நின்ற இருவரும் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவரே முழுவதும் படித்தார். ஊர், மாமனார் பெயர், கணவர் பெயர், கடைசியில் பெயர். நான் அப்போதும் எழவில்லை. சரியாகக் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமியார் என் மூக்குக் கண்ணாடியை நேராக்கிவிட்டார்.

"நீதான். எந்திரி, பச்சையம்மா."

ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். ஊர் எல்லையில் ஏரிக்கரை வந்ததும் மாமியார் கையை நீட்டி, "ம்மே செல்வி, கொயந்தய இப்பிடிக் குடு, உனுக்குக் கை வலிக்கும்" என்றார். கொடுத்தேன்.